பத்துக்குப் பன்னிரண்டு

சிதம்பரம்
14.7.2025

மதிப்பிற்குரிய மச்சான் இளவரசு அவர்களுக்கு,

எட்டு நாளாகத் தங்களைத் தொலைபேசியில் அழைத்துக்கொண்டிருக்கிறேன். மணி அடிக்கிறது, தாங்கள் எடுப்பதில்லை. ஆகவே கடிதம். தபால்காரர் நீட்டினால் வாங்காமல் இருக்க மாட்டீர்கள் என்ற நம்பிக்கைதான்.

ஆறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை நடந்தது தங்கள் மனதில் தங்கிவிட்டதாகத் தெரிகிறது. நடந்தது இவ்வளவுதான். அனுப்பிரியாவின் கல்யாணத்துக்காக வீட்டைத் தயார் செய்கிறோம். மறுவீட்டுக்கு வரும் பெண்ணும் மாப்பிள்ளையும் தங்கப்போகிற அறைக்குப் பெயின்ட் அடிக்க வேண்டும். அவளுடைய தாய்மாமன், அதுவும் இருபத்திரண்டு வருடமாகப் பெயின்டராக இருக்கிற தாய்மாமன் என்பதால் தங்களை வரச் சொன்னோம். வந்தீர்கள். சுவரை இரண்டு தட்டுத் தட்டினீர்கள். "பத்து லிட்டர் பக்கெட் ஒண்ணு வாங்கிடுங்க மாமா" என்றீர்கள்.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் அப்பா ராமாமிர்தம் பரங்கிப்பேட்டையிலிருந்து ஐந்தாறு பேரோடு வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார். நான் முப்பத்தோரு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன். யாராவது ஓர் எண்ணைச் சொன்னால் சரிபார்க்காமல் விட எனக்கு வராது. அறை பத்துக்குப் பன்னிரண்டு. நூற்றிருபது சதுர அடி. ஒரு லிட்டர் நூற்றிருபது சதுர அடிக்கு ஒரு கோட் வரும். இரண்டு கோட்டுக்கு இரண்டு லிட்டர். சிந்தினால் சிதறினால் என்று ஒன்று சேர்த்தாலும் மூன்று. இதைத்தான் எல்லோர் முன்னாலும் சொன்னேன். அதோடு ஒரு வேடிக்கைப் பேச்சும் வாயில் வந்துவிட்டது. கூடமே சிரித்தது. தாங்கள் மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டீர்கள்.

தங்கள் அக்கா புஷ்பவள்ளி அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. சாப்பாடு வருகிறது, பேச்சு வருவதில்லை. சாம்பாரில் உப்பு குறைவு என்று சொன்னால் உப்பு ஜாடி வந்து தட்டுக்குப் பக்கத்தில் உட்காருகிறது.

வேலை நிற்கவில்லை. அய்யனார் என்று ஒருவரை இங்கேயே பிடித்துவிட்டேன். தங்கள் ஏணியும் ரோலரும் இங்கேயே கிடக்கின்றன. வந்து எடுத்துக்கொண்டால் அப்படியே கல்யாணத்தைப் பற்றியும் பேசிக்கொள்ளலாம். ஆவணி பதின்மூன்று, வெள்ளிக்கிழமை. தாய்மாமன் மாலை போட்டு அழைத்து வந்துதான் பெண் மேடை ஏற வேண்டும் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல.

இப்படிக்கு,
சி. திருநாவுக்கரசு
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்


செம்மண்டலம், கடலூர்
19.7.2025

மாமாவுக்கு,

கடிதம் வந்தது. பவானிதான் வாங்கினாள். என் பெண்டாட்டி அல்லவா, உறையில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும், "உங்க சிதம்பரத்து மாமாவா? கிழிச்சுப் போடுங்க, இன்னும் என்னா பாக்கி வெச்சிருக்காரு சொல்றதுக்கு" என்றாள். நான் கிழிக்கவில்லை.

அக்காவைக் கட்டிய நாளிலிருந்து என்னை வாடா மச்சான், போடா மச்சான் என்றுதான் கூப்பிடுவீர்கள். இப்போது தாங்கள், தங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். தாசில்தாருக்கு மனு எழுதுவது போல இருக்கிறது. படிக்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

வேடிக்கைப் பேச்சு என்று எழுதினீர்கள். என்ன பேச்சு என்று எழுதவில்லை. நான் எழுதுகிறேன். "பெரிய பக்கெட்டா வாங்கினா உள்ள பெயின்டருக்குன்னு கம்பெனிக்காரன் காசு டோக்கன் போடறான்ல, அதான் மச்சான் ஜாஸ்தியா கேக்கறாரு. அக்கா ஊடா இருந்தாலும் தொழில் தொழில்தானே" என்றீர்கள். ராமாமிர்தம் தொடையைத் தட்டிச் சிரித்தார். அக்கா காபித் தட்டோடு அடுப்படி வாசலில் நின்றாள். அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க என்னால் முடியவில்லை. அதனால்தான் கிளம்பினேன்.

ஏணி அங்கேயே இருக்கட்டும். ரோலரை அய்யனார் எடுத்தால் வேலை முடிந்ததும் தண்ணீரில் அலசி வைக்கச் சொல்லுங்கள். அந்த அறையில் சன்னலுக்குக் கீழே மூலையில் ஈரம் இருக்கிறது. தட்டியபோது சத்தம் வேறாகக் கேட்டது. பிரைமர் இரண்டு நாள் காயாமல் அதன்மேல் எதையும் அடிக்க விடாதீர்கள். பழைய சுவர், நிறையக் குடிக்கும்.

எனக்கு உங்கள் மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டு அக்கா பேசாமல் இருக்க வேண்டாம். எனக்காக அவள் சண்டை போடுகிறாள் என்று கேட்டால் எனக்குச் சோறு இறங்கவில்லை. போனை எடுக்காததற்குக் காரணம் வேறு. அதை எழுத வரவில்லை.

கல்யாணத்துக்குப் பவானியை அனுப்பி வைக்கிறேன். நான் வருவேன் என்று சொல்ல முடியாது. மாலை போடுவதற்குப் பெரியப்பா மகன் சடையப்பன் அண்ணன் இருக்கிறார். அவரும் மாமன் முறைதான்.

இளவரசு


சிதம்பரம்
24.7.2025

இளவரசு,

நீ சொன்னபடியே 'நீ' என்று எழுதுகிறேன். எனக்கும் மூச்சு விட வசதியாக இருக்கிறது.

சடையப்பனா? அவனுக்கு அனுப்பிரியாவின் பெயரே நேராக வராது, அனுசுயா என்பான். அவன் மாலை போட்டு என் மகள் மேடை ஏற வேண்டுமா? நீ எழுதியதை அவளிடம் சொல்லவில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை சென்னையிலிருந்து வந்தவள் விஷயத்தைத் தானாகவே தெரிந்துகொண்டாள். எப்படி என்று சொல்கிறேன். சொல்வதற்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது.

வாங்கிய மூன்று லிட்டரும் முதல் கோட்டிலேயே நாலாவது சுவரின் பாதியில் தீர்ந்துபோயிற்று. அய்யனார் காலி டப்பாவைக் கவிழ்த்துக் காட்டி, "அவ்ளோதான் சார்" என்றார். என் கணக்குப்படி இரண்டு கோட்டும் முடிந்து டப்பாவில் ஒரு லிட்டர் மிச்சம் இருக்க வேண்டும். அவர் சாப்பிடப் போன நேரத்தில் அவருடைய சைக்கிளில் மாட்டியிருந்த பையைத் திறந்து பார்த்தேன். உள்ளே ஒரு லுங்கியும் ஒரு வெற்றிலைப் பொட்டலமும் இருந்தன. பையை மூடித் திரும்பினால் அவர் பின்னால் நிற்கிறார். கையைக் கழுவிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். உன்னையும் சேர்த்தால் ஒரே மாதத்தில் நான் சந்தேகப்பட்டது இரண்டு பேரை.

பிறகு கடைக்குப் போனேன். நிறத்தின் எண் டப்பா மூடியில் ஒட்டியிருந்தது. அந்த மூடியில்தான் அய்யனார் சுவர் விரிசலை அடைக்கப் பட்டி குழைத்திருந்தார், எண் அழிந்துபோயிற்று. கடையின் நிற அட்டையைப் பார்த்து இதுதான் என்று நானே கையை வைத்தேன். அனுப்பிரியா கேட்டிருந்தது வாழைக்குருத்து நிறம். ஈரமாக இருக்கும்போது எல்லாம் ஒன்றாகத்தான் தெரிந்தது. காய்ந்ததும் பாசி. அதுவும் போதாமல் மூன்றாவது தடவை பேருந்து நிலையம் பக்கம் வேறு கடைக்குப் போனேன். அது இன்னொரு பச்சை. மூன்று, இரண்டு, இரண்டு என்று மொத்தம் ஏழு லிட்டர் இழுத்துவிட்டது. இப்போது அறையில் மூன்று பச்சை இருக்கின்றன.

அனுப்பிரியா உள்ளே போய் நாலு சுவரையும் பார்த்தாள். "இது மாமா அடிச்சதா?" என்றாள். உன் அக்கா பதினைந்து நாளில் முதல் தடவையாக வாயைத் திறந்து எல்லாவற்றையும் சொன்னாள், என்னிடம் இல்லை, அவளிடம். டோக்கன் பேச்சையும் விடவில்லை. கேட்டுவிட்டு அனுப்பிரியா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். "மாமா வந்து மாலை போட்டாதான் மேடைக்கு வருவேன். இல்லன்னா மாப்ள வீட்டுக்கு நீங்களே பதில் சொல்லிக்குங்க."

அந்தச் சுவர் அநியாயத்துக்குக் குடிக்கிறது. நீ எழுதியது சரிதான். கணக்கில் தவறு இருக்க வாய்ப்பில்லை.

திருநாவுக்கரசு


சிதம்பரம்
27.7.2025

இளவரசு,

உன் பதிலுக்குக் காத்திருக்க முடியவில்லை. போன கடிதத்தின் கடைசி வரியை நீ படித்திருப்பாய். படித்துவிட்டு என்னைப் பற்றி என்ன நினைத்தாயோ. இன்று நான் அந்த வரிக்காக வெட்கப்படுகிறேன்.

ஞாயிறு காலையில் ஒன்பதாம் வகுப்புக்கு வீட்டில் டியூஷன் எடுப்பது உனக்குத் தெரியும். இன்று கனச்செவ்வகம். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நானே கணக்குச் சொல்லி எழுதச் சொல்வேன், அது என் வழக்கம். "ஓர் அறையின் நீளம் பன்னிரண்டு அடி, அகலம் பத்து அடி, உயரம் பத்து அடி. நான்கு சுவர்களுக்கும் வண்ணம் பூச வேண்டிய பரப்பு என்ன?" என்று பலகையில் எழுதிக்கொண்டே வந்தேன். அறையின் அளவு நாக்கில் தானாக வந்தது. மூன்று வாரமாக மண்டையில் இருக்கும் அறை அல்லவா. பரப்பு என்ன என்று எழுதும்போது சாக்பீஸ் நின்றுவிட்டது.

நான் பெருக்கியது தரையை, இளவரசு. பத்தையும் பன்னிரண்டையும் பெருக்கினால் தரை. நான் தரைக்குப் பெயின்ட் வாங்கியிருக்கிறேன். சுவர் நான்கு, அதற்கு உயரம் என்று ஒன்று உண்டு. வருடா வருடம், முப்பத்தோரு வருடம், "சுற்றளவை உயரத்தால் பெருக்குடா, தரையைப் பெருக்காதே" என்று எத்தனை பேர் தலையில் குட்டியிருப்பேன். பிள்ளைகள் இரண்டு நிமிடத்தில் நானூற்று நாற்பது என்று விடை சொல்லிவிட்டார்கள். உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

கதவையும் சன்னல்களையும் கழித்தால் முந்நூற்று எண்பத்தேழு சதுர அடி. இரண்டு கோட்டுக்கு ஆறரை லிட்டர். சுவர் குடிப்பதற்குச் சேர்த்து ஏழு. அந்த ஏழுதான் போயிருக்கிறது. நீ கை காவலாகப் பத்து என்று சொல்லியிருக்கிறாய், இப்படி நடுச்சுவரில் தீர்ந்து நிற்கக் கூடாது, நிறம் மாறக் கூடாது என்று. அந்த மனதைத்தான் நான் டோக்கனுக்கு அலைகிறவன் என்று சொல்லிச் சிரிக்க வைத்தேன். அதைச் சொன்னபோது எனக்குள் எவ்வளவு சந்தோஷம் இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். சம்பந்தி வீட்டார் முன்னால் 'வாத்தியார் என்றால் வாத்தியார்தான்' என்று பெயர் வாங்கின சந்தோஷம். இப்போது நினைத்தால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

உன் அக்காவிடம் சொல்லிவிட்டேன். அடுப்படியில் போய் நின்று, "தரையைப் பெருக்கிட்டேன் வள்ளி" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. தரையைக் கூட்டியதாக நினைத்து விளக்குமாற்றைத் தேடினாள். விளக்கிச் சொன்னதும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று பார்க்காமல் வந்துவிட்டேன்.

ராமாமிர்தத்திடம் சொல்லத் துணிவு வரவில்லை. உன் வீட்டுக்கு வந்து நிற்கவும் துணிவு வரவில்லை. கடலூர் பேருந்து என் கண்முன்னால் பத்து நிமிடத்துக்கு ஒன்று போகிறது. என்னை மன்னித்துவிடு என்று எழுதத்தான் முடிகிறது.

மாமா


செம்மண்டலம், கடலூர்
2.8.2025

மாமாவுக்கு,

இரண்டு கடிதமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இரண்டாவதைப் படித்ததும் நான் வேலைக்குப் போகவில்லை. மொட்டை மாடியில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

நீங்கள் இவ்வளவு எழுதியிருக்கக் கூடாது. மன்னிப்புக் கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டதால் இனி நான் சும்மா இருக்க முடியாது. சும்மா இருந்தால் நான் மனுஷன் இல்லை.

ஏழு லிட்டர் என்று எழுதினீர்கள். அந்த ஏழு எனக்கு முதல் நாளே தெரியும். பத்துக்குப் பன்னிரண்டு அறையை நான் இருநூறாவது அடித்திருப்பேன். சுவரைத் தட்டும்போதே ஏழு என்று மனதில் வந்துவிட்டது. நாலு லிட்டர் டப்பா இரண்டாக எட்டு லிட்டர் வாங்கச் சொல்லியிருந்தால் தாராளம். ஆனால் பத்து என்று சொன்னேன். கை காவலுக்குச் சொல்லவில்லை. டோக்கனுக்கும் சொல்லவில்லை, அக்கா மேல் ஆணையாக அது நினைவிலேயே இல்லை. மூன்று லிட்டர் மிச்சமாகும், அதை எடுத்துக்கொண்டு போகலாம் என்று சொன்னேன்.

என் வீட்டு முன்னறையில் நீங்கள் எத்தனையோ தடவை உட்கார்ந்திருக்கிறீர்கள். கிழக்குச் சுவர் ரோஸ், பேங்க் மேனேஜர் வீட்டில் மிச்சமானது. தெருப்பக்கம் மஞ்சள், அது ஒரு பள்ளிக்கூடத்தில் மிஞ்சியது. இன்னொன்று நீலம். நாலாவதில் சந்தன நிறம் முக்கால் உயரத்துக்கு, அதற்குமேல் வெறும் பிரைமர். பெயின்டர் வீடெல்லாம் அப்படித்தான் இருக்கும். மிச்சமானதை எடுத்துக்கொள்ளச் சொல்லி வீட்டுக்காரர்களே கொடுப்பார்கள். அதில் எனக்கு வெட்கம் இருந்ததில்லை.

கல்யாணம் முடிந்து அனுவும் மாப்பிள்ளையும் மாமன் வீட்டு விருந்துக்கு முதலில் இங்கேதான் வருவார்கள். அந்தப் பையன் பெரிய கம்பெனியில் இருக்கிறான். நாலு நிறச் சுவருக்கு நடுவில் அவனை எப்படி உட்கார வைப்பது என்று நினைத்தேன். கடையில் வாங்கி அடிக்க முடியாமல் இல்லை. ஒவ்வொரு தடவையும் வேறு செலவு வந்து நிற்கும், மிச்சத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டுப் பழகிவிட்டது. அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இருபது லிட்டர் வாங்கித் தந்திருப்பாள். ஊருக்கெல்லாம் பெயின்ட் அடிக்கிறவன் தன் வீட்டுக்குப் பெயின்ட் வேண்டும் என்று எப்படிக் கேட்பது? வாய் வரவில்லை. பத்து என்று சொல்ல மட்டும் வாய் வந்தது. மிச்சமானதை எடுத்திருக்கிறேன் மாமா. மிச்சமாகும்படி சொன்னது இந்த இருபத்திரண்டு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. அதுவும் கூடப் பிறந்தவள் வீட்டில்.

நீங்கள் டோக்கன் என்று சொன்னதும் எனக்குக் கோபம் வரவில்லை. பிடிபட்டுவிட்டேன் என்றுதான் தோன்றியது. உங்கள் கணக்கு தப்பு என்று அங்கேயே எனக்குத் தெரியும். தரையைப் பெருக்கியிருக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சிரிப்பு உங்கள் பக்கம் திரும்பியிருக்கும். சொன்னால் சரியான கணக்கு எத்தனை என்று கேட்பீர்கள். ஏழு என்று சொல்ல வேண்டும். அப்புறம் பத்து எதற்கு? அதனால் வாயை மூடிக்கொண்டு செருப்பை மாட்டினேன்.

நான் ரோஷத்தில் போனதாக நீங்கள், அக்கா, பவானி, அனு எல்லோரும் நினைத்துக்கொண்டு எனக்காகச் சண்டை போடுகிறீர்கள். அந்தக் குழந்தை எனக்காக மேடைக்கு வர மாட்டேன் என்கிறது. அவள் கழுத்தில் மாலை போடுகிற கை இது இல்லை. சடையப்பன் அண்ணன் போடட்டும்.

பவானிக்குத் தெரியாது. அக்காவிடம் சொல்வதா வேண்டாமா என்பதை உங்களிடம் விட்டுவிட்டேன்.

இளவரசு


சிதம்பரம்
10.8.2025

மச்சான்,

உன் கடிதத்தை யாருக்கும் காட்டவில்லை. என் பழைய மதிப்பெண் பதிவேட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். உன் அக்காவிடம் நீ சொல்ல வேண்டும் என்றால் நீ சொல், நான் சொல்ல மாட்டேன்.

உன் வீட்டுச் சுவர்கள் நாலு நிறம் என்று நீ எழுதித்தான் எனக்குத் தெரிந்தது. இருபத்தெட்டு வருடமாக அந்த அறையில் உட்கார்ந்து காபி குடித்திருக்கிறேன், சுவரைப் பார்த்ததே இல்லை. என் பேச்சைக் கேட்பதற்கே எனக்கு நேரம் சரியாக இருந்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை ராமாமிர்தம் பத்திரிகைக் கட்டு வாங்கிப் போக வந்தார். அன்றைக்கு வந்திருந்த அதே ஆட்கள், ஒருவர் மட்டும் குறைவு. எல்லோரையும் அந்த அறைக்குள் அழைத்துப் போனேன். மூன்று பச்சையையும் காட்டினேன். "சம்பந்தி, அன்னிக்கு என் மச்சானைப் பாத்து சிரிச்சோம்ல, தப்பு அவன் பேர்ல இல்ல. வாத்தியார் சுவருக்குப் பதிலா தரையைப் பெருக்கிட்டேன். இது அந்தக் கணக்கு" என்றேன். ராமாமிர்தம் மெல்ல, "இவ்ளோ பெரிய ஆளு நீங்களே இப்படின்னா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். காது எரிந்தது. அய்யனாரையும் வரச் சொல்லியிருந்தேன். பையைத் திறந்து பார்த்ததற்கு அவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். "உடுங்க சார், எல்லா ஊட்லயும் பாக்கறதுதான்" என்றார். அந்தப் பதில்தான் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

அவர்களிடம் நீ சொன்ன எண்ணைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. பேச வேண்டிய அவசியமும் இல்லை. நீ உன் மருமகளை வரவேற்க ஒரு சுவர் தேடினாய். நான் பெயர் வாங்க ஒரு சபை தேடினேன். இதில் எது பெரிய தப்பு என்று எனக்குத் தெரியும்.

அடுத்து ஒரு காரியம் செய்தேன், கோபிக்காதே. நேற்று காலை வெற்றிலைத் தட்டும் முதல் பத்திரிகையுமாகச் செம்மண்டலம் வந்தேன். நீ பரங்கிப்பேட்டை வேலைக்குப் போயிருப்பாய் என்று விசாரித்து வைத்துக்கொண்டுதான் வந்தேன். அந்தக் கோழைத்தனம் இன்னும் மிச்சம் இருக்கிறது. பவானி கதவைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு நாற்காலியைப் போட்டாள். பையிலிருந்து டேப்பை எடுத்து அறையை அளந்தேன். எதற்கு என்று அவள் கேட்டதற்கு, கணக்கு பழகிக்கொள்கிறேன் என்றேன். தட்டைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். தாய்மாமன் பத்திரிகையை ஆள் இல்லாத வீட்டில் வைத்துவிட்டு வரக் கூடாது. உன் கையில் தர வேண்டும்.

உன் முன்னறையும் பத்துக்குப் பன்னிரண்டுதான். உயரம் ஒன்பதரை. நாலு சுவருமாக நானூற்றுப் பதினெட்டு. இரண்டு கதவு, ஒரு சன்னல் கழித்தால் முந்நூற்று ஐம்பத்தேழு. இரண்டு கோட்டுக்கு ஆறு லிட்டர். அதை நான் வாங்கித் தருகிறேன். உனக்கு இல்லை, என் மகள் அவள் மாமன் வீட்டில் உட்காரப் போகிற அறைக்கு. கணக்கு சரியா என்று பார்த்துச் சொல். இந்தத் தடவை உன்னிடம் கேட்காமல் வாங்க மாட்டேன்.

மாமா


செம்மண்டலம், கடலூர்
13.8.2025

மாமா,

வேண்டாம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அதற்கு முன்னால் பவானியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சுவர்களைச் சுற்றிப் பார்த்தாள். "நான் எத்தன வருஷமா கேட்டேன், அப்பல்லாம் அடிக்கத் தோணல. பொய் சொல்லித்தான் அடிக்கத் தோணுச்சா?" என்றாள். அப்புறம், "அந்த மனுஷன் முட்டி போட்டுத் தரையோரமா டேப்பு பிடிச்சாரு, பாக்க எனக்கே ஒரு மாதிரியா இருந்துச்சி. வேணாம்னு எழுதாதீங்க" என்றாள். அக்காவுக்கு நானே நேற்று போன் செய்தேன். சொல்லிவிட்டேன். அவள் திட்டினாள். பத்து லிட்டர் சொன்னதற்கு இல்லை, இருபதாகக் கேட்காததற்கு. இரண்டு பேரும் போனிலேயே அழுதோம். இதை நான் உங்களுக்கு எழுதியதாக அவளிடம் காட்டிக்கொள்ள வேண்டாம்.

உங்கள் கணக்கைச் சரிபார்த்தேன். சுவர் சரி. கதவைக் கழித்ததும் சரி. மேல்தளத்தை விட்டுவிட்டீர்கள். அதற்கு வெள்ளை அடிக்க வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு, நூற்றிருபது சதுர அடி. இரண்டு கோட்டுக்கு இரண்டு லிட்டர். அன்றைக்கு நீங்கள் சபையில் போட்ட கணக்கு அதற்கு அப்படியே பொருந்தும்.

அனுவின் அறையை அப்படியே விடக் கூடாது. மூன்று பச்சையையும் மூட மேலே ஒரு கோட் போதும், மூன்றேகால் லிட்டர். என் அறைக்கு ஆறு. இரண்டுக்கும் ஒரே வாழைக்குருத்து நிறமாக, ஒரே கடையில், ஒரே தடவையில் கலக்கச் சொல்லுங்கள். இரண்டு டப்பாவாக வாங்கினால் நிறம் மாறும். கூட்டினால் ஒன்பதேகால் வருகிறது. மாமா, பத்து லிட்டர் பக்கெட் ஒன்று வாங்கிவிடுங்கள். இந்தத் தடவை கணக்கைத் தனித்தாளில் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். நீங்களும் போட்டுப் பாருங்கள். மிஞ்சுகிற முக்கால் லிட்டர் உங்கள் வீட்டிலேயே இருக்க வேண்டும். நாளைக்கு அனுவின் பிள்ளை சுவரில் கிறுக்கினால் தொட்டு அடிக்க உதவும்.

ஞாயிற்றுக்கிழமை ஆவணி ஒன்று. நான் வேலைக்குப் போகவில்லை, வீட்டில்தான் இருப்பேன். விசாரித்துக்கொள்ள வேண்டாம். அக்காவோடு வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள். திங்கட்கிழமை காலை நான் அங்கே வந்துவிடுகிறேன். அய்யனாரையும் வரச் சொல்லுங்கள், சேர்ந்து அடிக்கிறோம். மாலை எங்கே கட்டச் சொல்வது, எத்தனை முழம் என்பதையெல்லாம் அனுவிடம் நான் பேசிக்கொள்கிறேன். சடையப்பன் அண்ணனுக்குச் சாப்பாட்டுப் பந்தியைப் பார்க்கச் சொல்லலாம்.

பக்கெட்டை வாங்கி அப்படியே வையுங்கள். மூடியை நான் வந்து திறக்கிறேன். உள்ளே டோக்கன் இருக்கும். அது பெயின்டருக்கு.

உங்கள் மச்சான்
இளவரசு